மைக் முன்னால் எந்த வாழ்த்து?

வாசகர் கேள்வி – பதில்

பொது இடத்தில் பண்டிகை வாழ்த்தை எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்த கடிதங்கள் சேர்ந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

எங்கள் குடியிருப்பில் 96 வீடுகள். மூன்று மதத்தவரும் இருக்கிறோம். தீபாவளிக்கு வாசலில் ஃபிளெக்ஸ் கட்டுவது வழக்கம். இந்த வருடம் கமிட்டியில் ஒருவர், "பண்டிகைக் கால வாழ்த்துகள் என்று பொதுவாகப் போடுவோம், யாருக்கும் மனக்குறை வராது" என்கிறார். இன்னொருவர் கொதிக்கிறார். செயலாளர் நான் என்ன செய்ய?
— வாசகர், தாம்பரம்

தீபாவளி என்றே போடுங்கள். 'பண்டிகைக் கால' என்பது ஜவுளிக்கடைத் தள்ளுபடியின் மொழி. அன்றைக்கு என்ன பண்டிகை என்று பால் போட வருபவருக்கும் தெரியும். பெயரை மறைத்தால் மறைத்ததுதான் கண்ணில் படும். டி.வி.யில் 'விடுமுறை தினச் சிறப்பு நிகழ்ச்சி' என்று வரும்போதெல்லாம் ஊர் சிரிப்பது இதனால்தான்.

மனக்குறை பண்டிகையின் பெயரால் வருவதில்லை, அளவு வித்தியாசத்தால் வருகிறது. தீபாவளிக்குப் பத்துக்கு நான்கு அடியில் ஃபிளெக்ஸ், சீரியல் விளக்கு. பெருநாளுக்கு வாட்ஸ்அப் குழுவில் யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்ட ஒரு படம். கிறிஸ்துமஸுக்கு அதுவும் இல்லை. இப்படி நான்கு வருடம் போனால், ஐந்தாம் வருடம் யாராவது "பொதுவாகப் போடுங்கள்" என்று சொல்லத்தான் செய்வார்கள். அவர் உண்மையில் சொல்ல வருவது "எங்களையும் கவனியுங்கள்" என்பதாக இருக்கலாம். கூட்டத்துக்கு முன்னால் தனியாக ஒரு காபி சாப்பிட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஜனவரிக் கூட்டத்திலேயே வருடம் முழுவதற்குமான பட்டியலை எழுதி நிறைவேற்றிவிடுங்கள். பொங்கல், நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ். தெலுங்குக் குடும்பங்கள் இருந்தால் யுகாதி, மலையாளக் குடும்பங்கள் இருந்தால் ஓணம், ஜெயின் குடும்பங்கள் இருந்தால் மகாவீர் ஜெயந்தி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு (ஆறுக்கு மூன்று அடி தாராளம்), ஒரே இடம், முந்தின நாள் மாலை கட்டி மறுநாள் மாலை அவிழ்ப்பது என்ற ஒரே கணக்கு. செலவு பராமரிப்புப் பணத்தில் என்றால் அத்தனைக்கும் அதிலேயே, நன்கொடை என்றால் அத்தனைக்கும் நன்கொடை. ஒன்றுக்கு மட்டும் பொதுப்பணம் போனால், வரவு செலவு வாசிக்கும் நாளில் சண்டை நிச்சயம். சங்கத்தின் பெயரோடு ஒரு துணிப் பதாகை தைத்து வைத்துக்கொண்டு, பண்டிகைப் பெயர் உள்ள பட்டையை மட்டும் மாற்றி மாற்றி ஒட்டினால் வருடா வருடம் ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டியதில்லை.

சாமி படம் வேண்டாம். மதச்சார்பின்மைக்காகச் சொல்லவில்லை. மறுநாள் அவிழ்த்த ஃபிளெக்ஸைக் குப்பையில் போடவும் முடியாது, மோட்டார் ரூமில் செருப்புக்குக் கீழே சுருட்டி வைக்கவும் முடியாது. விளக்கு, பிறை, நட்சத்திரம், கரும்பு போதும்.

வாசகத்தில் ஒரு சிறு சொல்லைக் கவனியுங்கள். தமிழில் 'நம்' என்றால் கேட்பவரும் உள்ளே, 'எங்கள்' என்றால் கேட்பவர் வெளியே. 'நம் தீபாவளி' என்று சங்கம் எழுதினால் 96 வீட்டையும் ஒரே பூஜையறையில் நிறுத்திவிடுகிறது. "எங்கள் பண்டிகைக்கு நீங்களும் வந்தீர்களே" என்று செயலாளர் மைக்கில் சொன்னால், சங்கம் யாருடையது என்ற கேள்வி வரும். இரண்டையும் விட்டுவிட்டு 'தீபாவளி நல்வாழ்த்துகள்', கீழே சங்கத்தின் பெயர். அவ்வளவுதான். 'தீபாவளி கொண்டாடும் அனைவருக்கும்' என்று சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் 96 வீட்டு வாசலில் அது பந்தியில் ஆள் பார்த்துப் பரிமாறுவதுபோல் இருக்கிறது. 'மாற்று மதச் சகோதரர்கள்' என்பதையும் விடுங்கள். எதற்கு மாற்று?

அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறோம். 'கிறிஸ்துமஸ் வாழ்த்து' என்று சொல்லலாமா? எது வரைக்கும் போகலாம்?
— வாசகி, தஞ்சாவூர்

சொல்லலாம். வாழ்த்துக்கும் வழிபாட்டுக்கும் நடுவே உள்ள கோட்டைத்தான் தாண்டக் கூடாது. அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு இதைப் பேசுகிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனையே கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் மத போதனையும் வழிபாடும் நடந்தால், அதில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. பிள்ளை மைனர் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். 'கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்' என்ற சொல் இதில் எங்கும் இடிக்காது. "எல்லோரும் கண்களை மூடி ஜெபிப்போம்" என்பது இடிக்கும்.

மைக்கில் பேசுகிறவரின் வினைச்சொல்லைப் பிடித்துக்கொண்டால் கோடு தெரிந்துவிடும். 'கொண்டாடுகிறார்கள்', 'வாழ்த்துகிறோம்' என்றால் வாழ்த்து. 'வணங்குவோம்', 'துதிப்போம்', 'கைகூப்புவோம்' என்றால் வழிபாடு. தொகுப்புரை எழுதும் பிள்ளையின் தாளை முந்தின நாளே வாங்கி இந்த 'வணங்குவோம்', 'துதிப்போம்'களை அடித்துவிடுங்கள்.

நிகழ்ச்சி 45 நிமிடத்துக்குள் முடியட்டும். முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. 55 விநாடிகளில், ஒலிப்பதிவைப் போடாமல் வாயால் பாட வேண்டும். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு உண்டு. 1970இல் அரசு விழாக்களுக்கு இந்தப் பாடலைத் தேர்ந்தபோது, மனோன்மணீயப் பாயிரத்தில் பரம்பொருளைச் சொல்லும் வரிகள் விடப்பட்டன. எல்லா மதத்தவரும் நிற்கும் சபைக்கு என்ன பாடுவது என்ற உங்கள் கேள்வி அப்போதே ஒருமுறை தீர்க்கப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகு தனியாக 'இறைவணக்கம்' என்று ஒன்றைச் சேர்க்கும்போதுதான் யாருடைய இறை என்று கேள்வி வருகிறது. மூன்று மதத்துக்கும் மூன்று பாட்டு வைத்துவிடலாம் என்பார்கள். வைத்தால் அரை மணி நேரம் போய்விடும், சிறப்பு விருந்தினர் கடிகாரம் பார்ப்பார்.

பிறகு வரவேற்பு, பிறப்புக் குடில் நாடகம், கேரல் பாட்டு இரண்டு, தலைமையாசிரியர் வாழ்த்து, கேக். பாடவும் நடிக்கவும் தாமாக முன்வரும் பிள்ளைகள் மட்டும். மரியாள், யோசேப்பு, இடையர் வேடத்துக்கு எந்த மதப் பிள்ளையும் ஆசைப்படும், அழகாகவும் நடிக்கும். ஆனால் வீட்டுக்குத் தெரியாமல் படம் வாட்ஸ்அப்பில் போய்ச் சேரக் கூடாது. இரண்டு நாள் முன்பே டைரியில் எழுதி அனுப்பிப் பெற்றோர் கையெழுத்து வாங்குங்கள். கேக்கில் முட்டை உண்டா இல்லையா என்று தட்டின்மேல் சீட்டு வையுங்கள், அல்லது முழுவதும் முட்டையில்லாததாக வாங்கிவிடுங்கள்.

விழா வாசலில் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். குத்துவிளக்கு ஏற்றுகிறோம். இதில் யாராவது சங்கடப்படுவார்களா?
— வாசகர், திருச்சி

படுவார்கள், ஆனால் வெளியே சொல்ல மாட்டார்கள். பன்னீரும் கற்கண்டும் யாருக்கும் பிரச்சினை இல்லை. சந்தனத்தைப் பலர் கையில் பூசிக்கொள்வார்கள். குங்குமத்தை மட்டும் வரவேற்கும் பெண் தானாக நெற்றியில் வைத்துவிடக் கூடாது. தட்டை மேசைமேல் வைத்து, "எடுத்துக்கோங்க" என்று சொன்னால் போதும். வேண்டியவர் எடுப்பார்.

குத்துவிளக்கு கொஞ்சம் நுணுக்கம். ஐந்து திரியையும் ஐந்து விருந்தினர் ஏற்றுவது வழக்கம். கிறிஸ்தவ நிறுவன விழாக்களிலும் ஏற்றுகிறார்கள், சில விளக்குகளின் உச்சியில் சிலுவைகூட இருக்கும். இஸ்லாமியரில் பலர் ஏற்ற விரும்புவதில்லை. தவறு நடப்பது அழைப்பிலேயே. மேடையில் திடீரென்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு மெழுகுவத்தியைக் கையில் திணித்தால், மறுக்கவும் முடியாமல் ஏற்றவும் முடியாமல் ஒருவர் 200 பேர் முன்னால் நிற்பார். முந்தின நாள் போனில் கேட்டுவிடுங்கள். "ஐயா, விளக்கேற்ற வருகிறீர்களா, இல்லை விழா மலர் வெளியிட வருகிறீர்களா?" என்று இரண்டில் ஒன்றாகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்ல வைக்காமல் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வைப்பது மரியாதை.

ஆயுத பூஜை நடக்கும் அலுவலகங்களுக்கு ஒரு வார்த்தை. பொரி, கடலை, சுண்டல் எல்லோருக்கும் பிடிக்கும். படைத்ததை உண்பதில்லை என்று சிலருக்கு உண்டு. பூஜைக்கு முன்பே கொஞ்சம் பொட்டலங்களைத் தனிப் பையில் எடுத்து வைத்துவிட்டு, "இது படைக்காதது" என்று கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். பொங்கலுக்கும் அப்படியே. 100 பேருக்கு ஆளுக்கு 75 கிராம் வீதம் கொடுக்க, பச்சரிசி ஒன்றேகால் கிலோ, பாசிப்பருப்பு 300 கிராம், வெல்லம் இரண்டரை கிலோ போதும். பானையில் கொஞ்சமும் அடுப்பில் மீதியும் என்று பிரித்து வைத்தால் சூரியனுக்குப் படைத்தது ஒரு பக்கம், பந்திக்கு ஒரு பக்கம்.

வியாபாரிகள் சங்கம் சார்பில் எல்லா அரசு விடுமுறைக்கும் வாழ்த்து போஸ்டர் போடுகிறோம். மொஹரம் வாழ்த்து போட்டதற்கு ஒரு கடைக்காரர் வருத்தப்பட்டார். ஏன்?
— வாசகர், திண்டுக்கல்

விடுமுறை என்றால் கொண்டாட்டம் என்று எடுத்துக்கொண்டதால். மொஹரத்துக்கு அரசு விடுவது அந்த மாதத்தின் பத்தாம் நாள், ஆஷூரா. கி.பி. 680இல் கர்பலாவில் நபிகள் நாயகத்தின் பேரன் ஹுசைன் கொல்லப்பட்ட நாள் அது. ஷியாக்களுக்குத் துக்கம். சன்னிகள் பலர் நோன்பு வைப்பார்கள். ஹிஜ்ரி ஆண்டின் முதல் நாளுக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்பவர் உண்டு, பத்தாம் நாளுக்கு வேண்டவே வேண்டாம்.

அதே தவறு பெரிய வெள்ளிக்கும் நடக்கிறது. ஆங்கிலப் பெயரில் 'குட்' இருப்பதைப் பார்த்து 'இனிய புனித வெள்ளி வாழ்த்துகள்' என்று அடித்துவிடுகிறார்கள். அது இயேசு சிலுவையில் இறந்த நாள். வாழ்த்தை இரண்டு நாள் தள்ளி ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டருக்குச் சொல்லுங்கள். சாம்பல் புதன், நவம்பர் 2 கல்லறைத் திருநாள், ஆடி, தை, மகாளய அமாவாசைகள் இவற்றுக்கும் போஸ்டர் கிடையாது. மீலாது நபியை எல்லா முஸ்லிம்களும் கொண்டாடுவதில்லை, உங்கள் பஜாரில் வழக்கம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் 'கடை விடுமுறை' என்று மட்டும் எழுதிவிடலாம்.

ரம்ஜான் மாதத்தில் நோன்பு திறப்பு நிகழ்ச்சி நடத்தப் போகிறோம். அழைப்பிதழில், மேடையில் என்ன சொல்வது?
— வாசகர், மேலப்பாளையம்

அன்று சொல்ல வேண்டியது பெருநாள் வாழ்த்து இல்லை. நோன்பு இன்னும் முடியவில்லையே. அழைப்பிதழில் 'நோன்பு திறப்பு' என்று எழுதுங்கள். 'ஈத் முபாரக்' பெருநாள் அன்றைக்கு.

நேரந்தான் இதில் எல்லாம். திறப்பது சூரியன் மறையும் நிமிடத்தில், பள்ளிவாசல் அட்டவணையில் இருக்கும். பேச்சுகள் அதற்குப் பத்து நிமிடம் முன்பே முடிந்துவிட வேண்டும். பாங்கு கேட்கும்போது அரசியல் பிரமுகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால், பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காதவர்கள் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். திறந்தவுடன் மஃரிப் தொழுகைக்கு 20 நிமிடம் விடுங்கள், விரிப்பும் ஒளுச் செய்ய (தொழுகைக்கு முன் கை, கால், முகம் கழுவ) தண்ணீரும் ஏற்பாடாகட்டும். சாப்பாடு அதற்குப் பிறகு. 50 பேருக்கு நோன்புக் கஞ்சி என்றால் ஒன்றரை கிலோ அரிசி நொய்யும் கால் கிலோ பாசிப்பருப்பும் 12 லிட்டர் அளவுக்கு வரும். கறி சேர்க்காமல் ஒரு பாத்திரம் தனியே வையுங்கள்.

பெருநாள் போஸ்டரில் தேதி போடாதீர்கள். மாதம் 29ஆ 30ஆ என்பது பிறை பார்த்த பிறகுதான் தெரியும். ஒரே ஊரில் இரண்டு நாள் பெருநாள் வருவதும் உண்டு. ஹிஜ்ரி ஆண்டு நம் காலண்டரைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு என்பதால் போன வருடத் தேதியை வைத்துக் கணக்குப் போடுவதும் உதவாது.

ஏப்ரல் 14 அன்று எங்கள் மன்றத்தில் கூட்டம். 'தமிழ்ப் புத்தாண்டு வாழ்த்து' என்றால் ஒரு சாரார் முகம் சுளிக்கிறார்கள்.
— வாசகர், கோவை

இது மதச் சண்டை குறைவு, காலண்டர்ச் சண்டை அதிகம். 2008இல் தை முதல் நாளே தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்தது, 2011இல் அது நீக்கப்பட்டது, சித்திரை திரும்பியது. சபையில் பாதிப் பேர் ஒரு பக்கம். 'சித்திரைத் திருநாள் வாழ்த்துகள்' என்றால் இரண்டு பக்கமும் வாங்கிக்கொள்ளும்.

அந்தத் தேதி எப்போதும் நெரிசல். அம்பேத்கர் பிறந்த நாள் அன்றுதான், மாநில அரசு அதைச் சமத்துவ நாளாக 2022இல் அறிவித்தது. அதே 2022இல் ஏப்ரல் 14 மகாவீர் ஜெயந்தியும்கூட, கிறிஸ்தவர்களுக்குப் பெரிய வெள்ளிக்கு முந்தின பெரிய வியாழன், இஸ்லாமியர்களுக்கு நோன்பு மாதம். அப்படி ஒரு நாள் வாய்த்தால்தான் பொதுச் சொல்லுக்கு வேலை. அப்போதும் எல்லாவற்றையும் 'இனிய விழாக்கள்' என்று பிசைந்து வைக்காமல், ஒவ்வொன்றாக ஒரு வாக்கியத்தில் பெயர் சொல்லிவிடுங்கள், அரை நிமிடம்கூட ஆகாது. பெரிய வியாழனைச் சொல்லும்போது 'வாழ்த்து' என்ற சொல் மட்டும் வேண்டாம்.

அலுவலகத்தில் 'ஹாப்பி ஹாலிடேஸ்', பக்கத்து வீட்டில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்'. தமிழ்ச் சங்க டிசம்பர் ஒன்றுகூடலில் தமிழில் எதைச் சொல்வது?
— வாசகி, நியூ ஜெர்சி

அங்கே அந்தப் பொதுச் சொல்லுக்கு ஒரு நியாயம் இருக்கிறது. பல விழாக்கள் ஒரே மாதத்தில் வந்து முட்டுகின்றன. கிறிஸ்துமஸ் 1870 முதல் கூட்டரசு விடுமுறை. யூதர்களின் ஹனுக்கா எட்டு நாள், யூதக் காலண்டர்க் கணக்கில் நகரும். 2024இல் டிசம்பர் 25 மாலைதான் தொடங்கியது, 2025இல் 22ஆம் தேதியே முடிந்துவிட்டது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் குவான்ஸா 1966இல் தொடங்கிய விழா, டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை. யாருக்கு எது என்று தெரியாத அலுவலக மின்னஞ்சலுக்கு 'ஹாப்பி ஹாலிடேஸ்' சரி. தெரிந்தவருக்கு அவர் விழாவின் பெயரைச் சொல்லுங்கள், ஹனுக்காவுக்குத் தேதி பார்த்துவிட்டு.

தமிழில் அதை 'இனிய விடுமுறை' என்று மாற்றாதீர்கள். முழுப் பரீட்சை முடிந்து பிள்ளைகளை ஊருக்கு அனுப்புவதுபோல் இருக்கிறது. 'கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்' என்றால் போதும்.

கிறிஸ்துமஸ் கூட்டத்தில் மேடையில் இருந்தவரைப் 'பேராயர்' என்றேன். சிரித்தார்கள்.
— வாசகர், நாகர்கோவில்

கத்தோலிக்கத்தில் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) பேராயர்தான் பிஷப், சபையின் போதகரையே ஆயர் என்பார்கள். அதேபோல கத்தோலிக்கத்தில் திருப்பலி, சி.எஸ்.ஐ.யில் ஆராதனை. அழைக்கும்போதே எந்தச் சபை என்று கேட்டு, பட்டத்தை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பள்ளிவாசலில் இருந்து வருபவர் இமாமா, ஜமாஅத் தலைவரா என்பதையும்.

எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. தீபாவளி வாழ்த்துச் சொன்னால் என்ன பதில் சொல்ல?
— வாசகர், ஈரோடு

"நன்றி, உங்களுக்கும் வாழ்த்துகள்." நரகாசுரன் பற்றிய விவாதத்தை அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம்.

வாழ்த்துகளா, வாழ்த்துக்களா?
— வாசகி, மதுரை

'வாழ்த்துகள்' என்று எழுதுங்கள். 'க்' போட்டால் வாழ்த்தோடு கள்ளையும் சேர்த்து ஊற்றுகிறீர்கள் என்று தமிழாசிரியர்கள் கேலி செய்வார்கள். இலக்கணத்தில் 'வாழ்த்துக்க'ளுக்கும் வாதாடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஃபிளெக்ஸ் அடித்த பிறகு அவர்கள் வாதம் உங்களுக்கு உதவாது.